எதிரே வைத்த பொட்டலம்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு எந்த அம்மாவும் வாசல் தாண்டும்வரை சொல்லிக்கொண்டேதான் இருப்பாள். உடம்பைப் பார்த்துக்கொள், கண்டவரோடு பேசாதே, இறங்கியதும் போன் பண்ணு. சின்னவளின் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"உங்கக்கா அங்க என்னத்தச் சாப்பிட்டா, எப்படிச் சாப்பிட்டான்னு பாத்து எனக்குச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரு பெரிய ஓட்டலுக்குத் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள், விடுமுறை நாளொன்றில் படுத்தபடியே போய்விட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பெட்டி வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அம்மா மட்டும் கையை உள்ளே விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒட்டிப் போயிருக்கு. எம்பொண்ணு பட்டினியா போயிட்டா."

செத்தவர் வயிறு எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. அம்மாவுக்கு அதற்குக் காரணமும் இருந்தது. பெரியவளுக்குக் காரம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. அவளுக்காகவே அந்த வீட்டுக் குழம்பு வெளுத்துப்போய்க் கிடக்கும். வந்த விருந்தாளிகள், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நனைப்பார்கள். அப்படி வளர்ந்தவள் அந்நிய தேசத்தில் எதை வாயில் வைத்திருப்பாள்? போனில் கேட்டால், "சோறாக்கினேன், ரசம் வச்சேன்" என்பாள். அவள் சாமான்கள் பையில் திரும்பி வந்தபோது அம்மா தலைகீழாகக் கொட்டித் தேடினாள். ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருந்தன. சமைக்கிற பாத்திரம் என்று ஒன்றுகூட இல்லை.

"ரசத்த எதுல வச்சாடி? உள்ளங்கையிலயா?"

அன்றிலிருந்து அம்மா கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். பெரியவளின் படத்துக்கு முன்னால் மட்டும் தினமும் வெள்ளைச் சோறு, உப்பு போட்டு மசித்த பருப்பு. அவளுக்குப் பிடித்தது என்று வைப்பாள். கூட இருந்த சித்தி கெஞ்சினாலும் திட்டினாலும், "அவ பசியோட போயிருக்கா, நான் வயிறு முட்டத் தின்னுட்டு ஏப்பம் விடணுமா?" என்பாள்.

அக்கா இருந்த வேலை காலியாகவே கிடந்தது. அதே ஏஜெண்ட் மறுபடி வந்து கேட்டபோது, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளும், நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவளுமான சின்னவள் போகிறேன் என்றாள். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். அம்மாவுக்கு மட்டும் இல்லை.

சலவைக்கூடத்துக்குள் அவள் முதன்முதலாக நுழைந்தபோது, நனைந்த துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். இன்னொருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே நெற்றி, ஒரே நடை. வீட்டில் இருந்தவரை யாரும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. இங்கே அவள் போகிற இடமெல்லாம் பேச்சு அடங்கி, கடந்த பிறகு மறுபடி ஆரம்பித்தது.

அவளுக்கு ஜோடியாகக் கிடைத்தவள் அக்காவின் பழைய ஜோடி. அக்காவைவிட வயதில் மூத்தவள். வாய் அப்படி என்பதால் எல்லோரும் ஊசி என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள்.

"உன்னப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது," என்றாள் ஊசி, எடுத்த எடுப்பில். "மூஞ்சியக் கொஞ்சம் மாத்திக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

வேலை கைப்பழக்கம்தான். பிழிந்து முறுக்கின படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து உதற வேண்டும். உதறின வேகத்திலேயே ஓரத்தைச் சூட்டு உருளைக்கு முன்னால் ஓடும் பட்டையில் நேராக வைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விடவேண்டும். ஒருத்தி முந்தினாலும் துணி கோணிக்கொண்டு போய் உருளையில் சுருளும். எல்லாம் சரியாகப் போனால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி மொறமொறவென்று வரும்; அங்கே வேறு இருவர் மடிப்பார்கள்.

மூன்றாவதோ நாலாவதோ விரிப்பு. சின்னவள் ஓரத்தை வைத்துவிட்டு, விடலாம் என்பதற்கு அடையாளமாக, "ம்" என்றாள். அவளாக வந்தது. ஊசியின் கை அப்படியே செத்துவிட்டது. துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடி உருளையில் சுற்றிக்கொள்ள, பொசுங்கும் வாசனையோடு இயந்திரம் நின்றது. மேஸ்திரி ஓடிவந்து அவர் பாஷையில் கத்தினார்.

"அவளும் அப்படித்தான் சொல்லுவா," என்றாள் ஊசி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இந்த 'ம்' வேணாம். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கோ. நல்லா இருப்பே."

அறையில் மேலும் கீழுமாகக் கட்டில்கள். சின்னவளுக்கு ஜன்னலோரத்துக் கீழ்க்கட்டில். அது அக்காவுடையது என்று கேட்காமலே தெரிந்தது, மெத்தை நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. படுத்தால் அவள் உடம்பு அதில் அச்சாக உட்கார்ந்தது. அடுப்பு வைக்கக் கூடாது என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அறையில் இருந்தவர்கள் எல்லாம் தெருவில் வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

அந்தத் தெரு சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வெளியே வந்தால் இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள். என்னவென்றே தெரியாத பண்டங்கள். ஒரு வண்டியில் கொழகொழவென்று நடுங்குகிற கண்ணாடிக் கட்டி. இன்னொன்றில் குச்சியில் கோத்த வளையம் வளையமான ஏதோ; கடித்தால் பல்லோடு திரும்பி வந்தது. ஒரு தட்டில் இருந்த கறுப்பு உருண்டை வாயில் இனித்து, தொண்டைக்குள் போகும்போது மீன் வாசம் அடித்தது. சின்னவள் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீரோடு நின்றாள். சொந்த வாய் யாரோ ஒருவருடைய வாயாகிவிட்டது போலிருந்தது.

"என்ன பேரு இதுக்கெல்லாம்?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? நாங்க வச்ச பேருதான். அந்த நடுங்குறது குளிர்ஜுரம். வளையமா இருக்கே, அது செருப்பு வாரு. இந்த உருண்டை மாமியார்."

"மாமியாரா?"

"மொதல்ல இனிக்குதுல்ல?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து முதல் சிரிப்பு. பாதியிலேயே அது நின்றது. இப்படிப் பேர் வைக்கிற ஆளை அவளுக்குத் தெரியும். வீட்டில் தையல் மெஷினுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பக்கத்து வீட்டுச் சேவலுக்கும் பேர் வைத்தவள் ஒருத்திதான்.

"அக்கா வச்ச பேரா?"

ஊசி எட்டி நடந்தாள். தெருவின் பாதியில் அவள் சட்டென்று எதிர்ப்பக்கம் மாறினாள். சின்னவள் அதைக் கவனித்தாள். வாய் பேசாதவளுக்குக் கண்தான் வேலை செய்யும். அந்த இடத்தில் தவிர்க்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள்.

டங், டங்.

இடுக்கியால் தோசைக்கல்லின் விளிம்பைத் தட்டிய சத்தம். ஒரு வண்டிக்காரி. பருத்த, நரைத்த பெண். அவள் சின்னவளையே பார்த்து, முகமெல்லாம் பல்லாக, மறுபடி தட்டினாள். டங், டங். வா, வா என்று அது கூப்பிட்டது. சின்னவளின் கால் அவளைக் கேட்காமலே தெருவைக் கடந்தது.

வண்டிக்காரி எதுவும் கேட்கவில்லை. கல்லில் மாவை ஊற்றி மெல்லிய விரிப்பாகத் தேய்த்தாள். முட்டையும் ஏதோ கீரையும் தூவினாள். இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தாள். சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற அதே மடிப்பு. ஒன்றை வெறுமனே தாளில் சுற்றி, வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டாள். இன்னொன்றின் மேல் சிவந்த விழுதை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, தமிழில் கேட்டாள்.

"போ...தும்?"

அந்த இழுவை அக்காவுடையது. 'போ'வைத் தூக்கிப் பிடித்து, 'தும்'மைக் கீழே போடுகிற இழுவை. பாஷை தெரியாத ஒருத்தியின் வாய்க்குள்ளிருந்து அக்கா கேட்டாள். அவள் பதில் சொல்லாமல் நிற்கவே, வண்டிக்காரி தானே சிரித்து, "இன்னும்!" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினாள். இரண்டு பொட்டலத்தையும் அவள் கையில் திணித்தாள்.

அறைக்கு வந்து சின்னவள் பொட்டலங்களைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளை நூல் கட்டியது அக்காவுடையது. அதில் காரமே இல்லை. அப்படியானால் அந்தச் சிவப்பு யாருக்கு?

"அது பேரு பெட்ஷீட்டு," என்றாள் ஊசி, இந்தப் பக்கம் திரும்பாமலே. "சூடு ஆறினா நல்லா இருக்காது."

"ரெண்டு குடுத்தாங்க. அக்கா ரெண்டு வாங்குவாளா? இன்னொண்ணு யாருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? சாப்பிடு, இல்ல தூக்கிப் போடு. என்னைக் கேக்காதே."

ஊசி போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

சின்னவள் வெள்ளை நூலை அவிழ்த்துச் சாப்பிட்டாள். மாவும் முட்டையும் பெயர் தெரியாத கீரையின் கசப்புமாக, எங்கேயும் நாக்குக்குப் பிடிபடாத ஒரு ருசி. அக்கா சாப்பிட்டது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதே இன்னொரு நினைப்பும் வந்தது. அக்கா யாருக்கோ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். காரம் தின்கிற யாரோ. அந்த யாரோ வயிறு நிறையத் தின்ன, இவள் அரையும் குறையுமாக இருந்தாளோ? வயிறு ஒட்டினது அதனால்தானோ?

இதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

"என்னடி தெரிஞ்சுது?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"மாவுல செஞ்ச ஒண்ணு சாப்பிடுவாளாம்மா. காரமில்லாம."

"வயித்துக்குப் போதுமான அளவா?"

சின்னவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அக்காவுக்குத்தான் அது வரும்.

தினமும் டங், டங். தினமும் இரண்டு பொட்டலம். அவள் வெள்ளை நூலைச் சாப்பிட்டுவிட்டுச் சிவப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது அதைத் தேடி வருவார்கள் என்று ஒரு எண்ணம். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். யாரும் வரவில்லை. தாள் வழியே எண்ணெய் கசிந்து, சிவந்து, காலையில் குப்பைக்குப் போகும்.

வண்டித் தெருவில் நின்று, யார் யார் சிவப்பு வாங்குகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் கூடத்தில் தமிழ் பேசுகிற ஆண் ஒருவர்தான். பாய்லர் பார்க்கிறவர். மீசை நரைத்தவர். அவர் சிவப்பு வாங்கி, சுவரோரம் குந்தி உட்கார்ந்து, வேர்க்க விறுவிறுக்கத் தின்பார். சின்னவள் தூணுக்குப் பின்னால் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவின் பங்கு அந்த வாய்க்குள் போகிறது என்று அவளுக்குத் தோன்றும்.

"அந்த ஆளையா பாக்குற?" என்று ஊசி ஒருநாள் பிடித்துவிட்டாள். "பாவம்டி! பொண்டாட்டி போன் பண்ணா எழுந்து நின்னு பேசுற மனுஷன்."

அந்த வாரம்தான் சித்தி போன் பண்ணினாள். அம்மா கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

"ஜாக்கெட்டுக்குள்ள ஆளே இல்லடி. எங்கக்கா இப்படியே போயிடுவா. நீ என்னத்தையாவது சொல்லித் தொலையேன். உங்கக்கா விருந்து சாப்பிட்டான்னு சொல்லு."

"அம்மா நம்ப மாட்டாங்க சித்தி."

"நீ சொன்னா நம்புவா. உனக்குத்தான் பொய் சொல்ல வராதே!"

மறுநாள் சாயங்காலம் சின்னவள் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பாய்லர்காரர் முன்னால் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, பொட்டலத்தை நீட்டினார்.

"என்னம்மா, தினமும் பாத்துக்கிட்டே நிக்கிற? வேணுமா?"

"இல்லண்ணே... எங்கக்கா... உங்களுக்கு வாங்கிக் குடுத்தாளா?"

"எனக்கா?" அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லா கேட்டியே! உங்கக்காவோட ஒருநாள் போட்டி போட்டேன்மா, யாரு அதிகமா விழுது ஊத்தித் திங்கறதுன்னு. நான் மூணாவது கரண்டியில கும்பிடு போட்டுட்டேன். அது பாட்டுக்கு இன்னும், இன்னும்னு ஊத்தச் சொல்லித் தின்னுச்சு. அப்புறம் ரெண்டு நாள் நான் உக்கார முடியாம நின்னுக்கிட்டேதான் வேலை பாத்தேன்."

"எங்கக்காவுக்குக் காரம் ஆகாதுண்ணே."

"யாரு சொன்னா?"

எதையோ மறைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவர் கண்ணில் ஒளிவே இல்லை. சின்னவள் திரும்பி வண்டிக்கு நடந்தாள். அவளைக் கண்டதும் வண்டிக்காரி மாவை எடுத்தாள். இரண்டு பொட்டலமும் தயாரானதும் சின்னவள் அவற்றை வாங்கவில்லை. வண்டிப் பலகையின் மேலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பைத் தொட்டுக் கையை விரித்தாள். யார்?

வண்டிக்காரிக்கு வேடிக்கையாக இருந்தது. இது என்ன கேள்வி என்பது போலச் சின்னவளின் நெஞ்சில் விரலை ஊன்றினாள். நீதான். அவளுக்கு இவள் இன்னும் அக்காதான். பிறகு சிவப்பைத் தின்பது போல நடித்துக் காட்டினாள். மூக்கை உறிஞ்சினாள், உதட்டைச் சப்புக்கொட்டினாள், தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். சாப்பிடும்போது அக்கா தலையை ஆட்டுவாள், ருசி மண்டைக்கு ஏறிய மாதிரி. அதே ஆட்டம்.

சின்னவள் வெள்ளை நூலைத் தொட்டாள். இது?

வண்டிக்காரி உள்ளங்கையைக் கீழே இறக்கினாள். தன் இடுப்புக்கும் கீழே, ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் தலை உயரத்துக்கு. பிறகு வாயைக் கையால் விசிறிக்கொண்டு, கண்ணைக் கசக்கி, அழுகிற குழந்தையாக நடித்தாள். கடைசியில் பெண்கள் தங்கும் விடுதியின் பக்கம் கையைக் காட்டினாள். உன் அறையில் இருக்கிறதே, அந்தச் சின்னது. காரம் பட்டால் அழுமே, அது.

தெருவின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. சின்னவள் தன்னையறியாமல் திரும்பி விடுதிப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு சின்னப் பெண் தனக்காகக் காத்துக்கொண்டிருப்பது போலிருந்தது. அந்த ஊருக்கு இப்போதுதான் வந்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். வருடக்கணக்காக அவள் இங்கேதான் இருந்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாமல், வளராமல், தினமும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு.

அவள் தன் கையை வண்டிக்காரி காட்டிய உயரத்துக்கு இறக்கினாள். பிறகு மெல்ல மெல்ல உயர்த்தி, தன் தலையில் கொண்டுவந்து வைத்தாள்.

வண்டிக்காரியின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியது. பிறகு கண் மட்டும் மாறியது. கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள். கையை உயர்த்தி, எங்கே என்று கேட்டாள். பெரியவள் எங்கே? சின்னவள் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். திறக்கவில்லை.

திறந்தபோது கல்லின் கீழே நெருப்பு அணைந்திருந்தது. வண்டிக்காரி கல் துடைக்கிற ஈரத்துணியால் தன் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அறையில் ஊசி தலை வாரிக்கொண்டிருந்தாள். சின்னவள் வெள்ளை நூல் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"இது எனக்கு வாங்கினதா?"

சீப்பு பாதித் தலையில் நின்றது. ஊசி அதை எடுக்காமலே பேசினாள்.

"எதிர்ல வைப்பா. இந்தக் கட்டில்ல அவ உக்காந்துக்கிட்டு, எதிர்ல தட்டுல அதை வைப்பா. 'இது சின்னவளுக்கு. தனியாச் சாப்பிட்டா எனக்கு எறங்காது'ன்னுவா. பேசிக்கிட்டே திம்பா. இன்னைக்கு மேஸ்திரி இப்படிச் சொன்னாரு, மெஷின் அப்படிப் பண்ணிச்சுன்னு, எதிர்ல ஆளு இருக்கிற மாதிரி. முடிச்சதும் என்கிட்ட நீட்டுவா. உன் பங்கு பூரா என் வயித்துலதான் போச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்படிடி சொல்றது?" ஊசியின் குரல் உடைந்தது. "உசிரோட இருக்கிற பொண்ணுக்கு இப்படி ஆளில்லாத எடத்துல வைக்காதடின்னு எத்தன தடவ சண்டை போட்டேன்! உனக்குத்தான் ஏதோ ஆகப்போகுதுன்னு நான் பயந்தேன். கடைசியில வச்சவ போயிட்டா, வச்சதுக்கு உரியவ வாசல்ல வந்து நிக்கிற. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துது."

சின்னவளுக்கு ஒரு தட்டு ஞாபகம் வந்தது. அப்பா உயிரோடு இருந்த காலம். சாப்பிடும்போது பிள்ளைகள் அழுதால் அவருக்குப் பிடிக்காது. குழம்பு காரம் என்று அவள் வீரிட்டு அழ, அவர் அவளுடைய தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சுவரில் வழிந்த குழம்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுத்த வேளை அம்மா பரிமாற வந்தபோது அக்கா முந்திக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் காரம் ஆகலம்மா. நாக்கு வெந்துபோகுது." மூத்தவள் சொன்னால் அந்த வீட்டில் எடுபடும். மறுநாளிலிருந்து மிளகாய் போயிற்று. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அக்கா அந்த வார்த்தையை மாற்றவே இல்லை. சின்னவள் வளர்ந்து, கடைகளில் காரம் தின்னப் பழகி, அக்காவுக்காகத்தானே என்று வீட்டுக் குழம்பைப் பொறுத்துக்கொண்டாள்.

அன்றே அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி அம்மா கேட்டதில்லை.

"சித்தி சொல்லிக் குடுத்தாளா?" என்றாள் அம்மா. குரல் காய்ந்திருந்தது. "என்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொல்றியா?"

"இல்லம்மா. கரண்டி கரண்டியா ஊத்தச் சொல்லித் தின்னுருக்கா. பாய்லர் பாக்குற அண்ணன் போட்டியில தோத்துட்டாராம்."

"அவளுக்குத்தான் ஆகாதே..."

"சின்ன வயசுல எனக்குத்தாம்மா ஆகாது. அப்பா தட்டத் தூக்கி அடிச்சதுக்கப்புறம்தான் அவ அப்படிச் சொன்னா. யோசிச்சுப் பாரு."

அம்மா தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

"வத்தல் அரைச்சிட்டு நான் எழுந்து போனா, அம்மியில ஒட்டியிருக்கிறத வழிச்சு நக்குவா. கண்ணுல தண்ணி நிக்கும். சிரிப்பா. விளையாடுதுன்னு நெனச்சேன்." பிறகு, "அவ பசிக்குச் சாப்பிட்டாளா இல்லையான்னு மட்டும் சொல்லு."

"ருசிச்சுச் சாப்பிட்டாம்மா."

"அப்ப நான் யாருக்காகத்தான்டி இத்தன வருஷம் இப்படிச் சப்புனு ஆக்கினேன்? எனக்கும் காரம்னா உசிரு தெரியுமா?"

போன் அறுந்துபோனது.

மறுநாள் சித்தி கூப்பிட்டாள். பேசுமுன் அரைமணி இருமினாள்.

"வீடு பூரா நெடி! உங்கம்மா வத்தலை வறுத்து அரைச்சு, குழம்புங்கிற பேர்ல நெருப்பக் கொதிக்க வச்சு, பெரியவ படத்துக்கு முன்னாடி கொண்டுபோய் வச்சிட்டா. 'பிடிக்காததையே வருஷம் முச்சூடும் வச்சேனே, மொகத்தச் சுளிக்காம இருந்தியேடி'ன்னு ஒரே அழுகை. அப்புறம் எதிர்ல உக்காந்தா பாரு, சோத்தப் பெசஞ்சு. மொத வாய்க்கு விக்கல் எடுத்துச்சு. ரெண்டாவதுக்கு மூக்குல ஒழுகுச்சு. மூணாவதுக்கு என்னைப் பாத்து, 'இன்னும் கொஞ்சம் ஊத்து'ங்கறா."

அன்று சாயங்காலம் தெருவில் டங் சத்தம் வரவில்லை. வண்டிக்காரி அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்னவள் சிவப்புக் கிண்ணத்தைக் காட்டி இரண்டு விரல் நீட்டினாள். வண்டிக்காரி ஊற்றினாள். "போ...தும்?" என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திவிட்டாள்.

"இன்னும்," என்றாள் சின்னவள்.

இரண்டையும் கொடுத்த பிறகும் வண்டிக்காரி விடவில்லை. மூன்றாவதாகச் சின்னதாய் ஒன்று மடித்து, வெள்ளை நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லச் சின்னவளுக்கு ஜாடை தெரியவில்லை.

அறையில் அவள் தட்டை எடுத்து வைத்தாள். ஊசி அதைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து இறங்கிவந்து, எதிரே தானே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஆளில்லாத எடத்துல வைக்காதே. என்கிட்ட குடு."

"காரம்க்கா."

"தெரியும். குடு."

சிவப்பை வாயில் வைத்த மாத்திரத்தில் ஊசியின் கண் கொட்ட ஆரம்பித்தது. சின்னவளுக்கும். இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டார்கள். பல்லுக்கடியில் அந்தப் பெயர் தெரியாத கீரை கசந்தது; காரத்துக்கு அடியில் இப்போது அது நன்றாகவே இருந்தது. நடுவில் தட்டில் வெள்ளை நூல் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது.

"அது யாருக்கு?" என்றாள் ஊசி.

"சின்னவளுக்கு."

ஊசி கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டாள். கடைசிவரை அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.